அடுத்த வீட்டு அம்மாவுக்கும் சேர்த்து நடப்போம்

ஆடி கடைசி வெள்ளி நெருங்கும் நாட்களில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து இருக்கன்குடிக் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக நடந்து போகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மஞ்சளும் சிவப்புமாக உடை, தோளில் ஒரு பை, வழிநெடுக நீர்மோர்ப் பந்தல். எதற்காக நடக்கிறீர்கள் என்று கேட்டால் பலரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: ‘அம்மாவுக்கு உடம்புக்கு முடியாம இருந்துச்சு, வேண்டிக்கிட்டேன்.’ பெற்றவர்களின் நோய்க்காகத் தன் உடலை வருத்திக்கொள்வதை நமக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

அதே உணர்வு இப்போது வேறு உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறது. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது, அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், மகனோ மகளோ ஒரு சவாலை அறிவிக்கிறார்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறேன். அல்லது தினமும் நூறு தண்டால் எடுக்கிறேன். அல்லது இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறேன். பார்க்கிறவர்கள் முடிந்ததைக் கொடுங்கள். அன்றன்றைய கணக்கு வாட்ஸ்அப்பில் வரும், கூடவே பணம் அனுப்புவதற்கான கியூஆர் குறியும் வரும். மேலை நாடுகளில் வேரூன்றிய இந்த வழக்கம் பெருநகரங்களைத் தாண்டிச் சிறு நகரங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. இதைக் கைதட்டி வரவேற்பவர்களும் இருக்கிறார்கள், முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதால் ஊராகச் சேர்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வருவது நல்லது.

இந்த வழக்கத்தின் நல்ல பக்கத்தை முதலில் பார்ப்போம். 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து டெரி ஃபாக்ஸ் என்ற 21 வயது இளைஞர் ஓடத் தொடங்கினார். எலும்புப் புற்றுநோய்க்கு வலது காலைப் பறிகொடுத்தவர். செயற்கைக் காலோடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருப்பது தெரிந்து ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலர், அதாவது அந்நாட்டின் அன்றைய மக்கள்தொகைக்குச் சமமான தொகை, சேர்ந்துவிட்டது. அந்த ஜூன் மாதமே அவர் இறந்துபோனார். அவர் பெயரால் இன்றும் பல நாடுகளில் ஓட்டம் நடக்கிறது. சென்னை ஐஐடி வளாகத்திலும் மாணவர்கள் நடத்துகிறார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் தன் சிகிச்சைச் செலவுக்காக ஓடவில்லை என்பது. புற்றுநோய் ஆராய்ச்சிக்குத்தான் கேட்டார்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு, அது இன்னும் வலி மிகுந்தது. மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் லதா பகவான் கரே என்ற, அறுபது வயதைக் கடந்த கூலித் தொழிலாளி, கணவருக்கு ஸ்கேன் எடுக்கப் பணமில்லாமல், மூத்தோருக்கான ஓட்டப்பந்தயத்தில் சேலைக் கட்டோடு, வெறுங்காலோடு ஓடிப் பரிசை வென்றார். 2020-இல் அவர் கதை மராத்தியில் படமாக வந்தபோது அவரே அதில் நடித்தார். அந்தப் படம் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும் பெற்றது. படித்ததும் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் நெகிழ்ந்த கையோடு இன்னொரு கேள்வியும் எழ வேண்டும்: அந்த வயதில் ஒரு ஸ்கேனுக்காக ஓர் அம்மா ஏன் ஓட வேண்டியிருந்தது?

எதிர்த்தரப்பு வாதம் இங்கேதான் தொடங்குகிறது. வைத்தியம் பார்ப்பது அரசின் கடமை, அதைக் குடிமக்களின் கால்களில் ஏற்றக் கூடாது என்கிறார்கள். மறுக்க முடியாத பேச்சு. அதேசமயம், அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது உண்மைக்குப் புறம்பு. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. டயாலிசிஸும் அதில் அடக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைக்காசிலிருந்து போடும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் நூறு ரூபாய்ச் செலவில் நாற்பது ரூபாய் இன்னும் நம் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது.

அந்த நாற்பது ரூபாய்க்கு மேலும் ஒரு செலவு இருக்கிறது. அதில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஒரு டயாலிசிஸ் நோயாளியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கிறது, சரி. கூடப் போகிற மகன் மில்லில் ஷிப்டை விட்டுவிட்டுப் போகிறான், அன்றைய சம்பளம் போயிற்று. திரும்பி வரும்போது அப்பாவால் பஸ் படியில் கால் வைக்க முடிவதில்லை, ஆட்டோ. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் கார் வாடகை. அங்கே கூட இருப்பவருக்கு மூன்று வேளை ஓட்டல் சாப்பாடு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றால் பொதிகை எக்ஸ்பிரசில் இரவெல்லாம் போய், அங்கே தங்குவதற்கு ஓர் அறையும் தேட வேண்டும். நகையை அடகு வைப்பது அறுவைச் சிகிச்சைக்காக மட்டும் அல்ல, இதற்காகவும்தான். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. நெய்தவர் வீட்டுக் காயத்துக்குக் கட்டுப் போடவோ வழிச்செலவுக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளியை அரசு ஒரே நாளில் நிரப்பிவிடாது, நிரப்பும்வரை நோயும் காத்திருக்காது. எனவே அரசிடம் கேட்பதையும் விடாமல், அக்கம்பக்கத்தாரிடம் கேட்பதையும் வெட்கமாக நினைக்காமல் இருப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.

வெட்கம் என்றதும் அடுத்த மறுப்பு நினைவுக்கு வருகிறது. நம் வீடுகளில் இதை அப்பாக்களே சொல்வார்கள்: ‘எனக்கு நோவுன்னு ஊரெல்லாம் தண்டோரா போடணுமாடா?’ இந்தக் கேள்வியை வறட்டுக் கௌரவம் என்று இளைய தலைமுறை ஒதுக்கிவிடக் கூடாது. நோய் அவருடையது, உடம்பு அவருடையது. மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஆயிரம் செல்பேசிகளுக்கு அனுப்ப, பெற்ற பிள்ளைக்கும் உரிமை இல்லை. முகம் தெரியாத படம், நோயின் பெயர் இல்லாத ஒரு வரி, இவை போதும். உண்மையில் தினசரிச் சவாலின் சிறப்பே இதில்தான் இருக்கிறது. நோயாளியின் படத்துக்குப் பதில் நடக்கிறவரின் படத்தைப் போடலாம். பரிதாபத்தைக் காட்டிக் கேட்பதை விட, இன்றைக்கு இத்தனை கிலோமீட்டர் நடந்தேன் என்று உழைப்பைக் காட்டிக் கேட்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் மரியாதை.

‘பணம் வேணும்னா நேரா கேக்க வேண்டியதுதானே, நடுவுல எதுக்கு நடை?’ என்பவர்களுக்கும் இதுவே ஓரளவு பதில். இன்னொன்றும் சொல்லலாம். நாட்பட்ட நோய் ஒரே நாளில் முடிகிற விவகாரம் அல்ல. முதல் வாரம் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வரும் உறவுகள் மூன்றாவது மாதம் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவரவருக்கு ஆயிரம் வேலை. தினம் ஒரு செய்தி வந்துகொண்டிருந்தால் மறதிக்கு இடம் குறைவு. அத்துடன், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேர நடை ஒன்றுதான் நாளில் மூச்சு விடக் கிடைக்கும் நேரமாக இருக்கலாம். நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைகளும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள்தான். சர்க்கரையால் சிறுநீரகம் பழுதான அப்பாவின் டயாலிசிஸுக்காக நடக்கிற மகன், இருபது வருடம் கழித்துத் தன் பிள்ளை தனக்காக நடக்க வேண்டிய நிலையைத் தள்ளிப்போடுகிறான் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு வேறு. யாருக்குப் பணம் சேர்கிறது? நல்ல கேமரா உள்ள போன், சரளமாக எழுதத் தெரிந்த பிள்ளை, வெளிநாட்டில் நாலு நண்பர்கள், இவை உள்ள வீட்டுக்குச் சேர்கிறது. அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் அம்மாவுக்கு அதே நோய். அவள் மகளுக்கு எழுதத் தெரியாது, அல்லது கூச்சம், அல்லது பிள்ளையே இல்லை. 2021-இல் குமாரபாளையத்துக் குழந்தை ஒன்றுக்கு ரூ.16 கோடி மதிப்புள்ள மருந்துக்காகத் தமிழ்நாடே சேர்ந்து பணம் திரட்டியதும், இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்ததும் நினைவிருக்கும். பெருமைப்பட வேண்டிய நிகழ்வு அது. ஆனால் அதே நோயோடு இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த வெளிச்சம் கிடைக்கவில்லை. உதவிக்கு வந்த மனங்களின் குற்றமல்ல இது. உதவி, முகத்தைத் தேடிப் போகும் இயல்புடையது, அவ்வளவுதான்.

முகத்தைத் தேடி வந்த உதவியைப் பொதுவுக்குத் திருப்பிவிட முடியும் என்பதற்கு நம்மிடமே பெரிய முன்மாதிரி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கம் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. சொந்தத்தைப் பொதுவாக்கும் மனம் நம் ஊருக்கும் புதிதல்ல. சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா ராஜபாளையத்தில் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர்.

ஆகவே நம் யோசனை எளிமையானது. தன் அப்பாவுக்காக நடக்கிறவர் நடக்கட்டும், ஊர் கொடுக்கட்டும். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு தொகையை எல்லையாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் வருவது அதே ஆஸ்பத்திரியில், அதே நோயோடு இருக்கும் அடுத்தவருக்கு. எல்லைக்குக் கீழேயும் நூற்றுக்குப் பத்து ரூபாய் அப்படி ஒதுக்கினால் இன்னும் நல்லது. இதை அந்தந்தக் குடும்பத்தின் தலையில் கட்டாமல், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்து ஒரு பொதுக்குழு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட முழுதாக இருக்காது; நோயாளிகள் போகிற ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் ஒன்றே. மில் தொழிலாளர் சங்கங்கள், வியாபாரிகள் சங்கம், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், பணி ஓய்வு பெற்ற செவிலியர், ஓர் ஆடிட்டர், ஒரு வங்கி ஊழியர் என்று ஏழெட்டுப் பேர் போதும். ஊர்ப்போட்டி பேசிக் குழுவை இரண்டாக்கிவிடாமல் இருந்தால் சரி. பால்கோவா யாருடையது, மாம்பழம் யாருடையது என்ற வழக்கை வேறு ஒரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

குழு செய்ய வேண்டிய முதல் வேலை பணம் திரட்டுவது அல்ல, காகிதம் பார்ப்பது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, பெயர் சேர்ந்திருக்கிறதா, 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் ஆயுஷ்மான் பாரத்தில் மத்திய அரசு 2024-இல் அறிவித்த காப்பீட்டுக்கு வழி உண்டா என்று விசாரிக்க வேண்டும். அட்டை இருந்தும் அது எதற்கெல்லாம் செல்லும் என்று தெரியாமல் வட்டிக்கு வாங்கியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். காப்பீடு தருகிறதைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் நடந்தால் போதும்.

இரண்டாவது, கணக்கு. இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. கோவிட் காலத்தில், நூறாவது பிறந்தநாளை எதிர்நோக்கியிருந்த கேப்டன் டாம் மூர் இங்கிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நூறு சுற்று நடந்தார். ஆயிரம் பவுண்டு கிடைத்தால் போதும் என்று தொடங்கியவருக்கு 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. அது முழுக்க அந்நாட்டு மருத்துவச் சேவைக்கான அறக்கட்டளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பிறகு அவர் பெயரில் தனியாகத் தொடங்கப்பட்ட அறக்கட்டளையில் குடும்பத்தினர் சொந்த ஆதாயம் பார்த்ததாக 2024 நவம்பரில் அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் கடுமையாக அறிக்கை தந்தது. நடந்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இருந்தும் அந்தப் பெரியவரின் பெயரோடு இந்தச் செய்தியும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரில் வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறோம். சக்கரத்துக்கு அடியில் குனிந்து, சரியான நொடியில் கட்டையைக் கொடுத்துத் தேரை வீதி முனையில் திருப்புகிறவர்கள் இல்லாவிட்டால், இத்தனை ஆயிரம் பேர் இழுக்கிற இழுப்பே ஆபத்தாகிவிடும். கணக்குப் பார்ப்பவர்களின் வேலை அதுதான். கொடுப்பவர்களின் வேகத்துக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று அவர்கள் மேல் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நடைமுறையில் இதற்கு ஒரு மொய் நோட்டு போதும். கல்யாண வீட்டில் பேர், ஊர், தொகை என்று எழுதி வாங்குகிற ஒழுங்கு நமக்குக் கைவந்த கலை. 2024 ஆகஸ்டில் வயநாட்டு நிலச்சரிவு நிவாரணத்துக்காகத் திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்தே வைத்தது. அதே நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, வாரம் ஒருமுறை அதன் படத்தைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பேர் வேண்டாம் என்பவருக்கு ‘ஒரு நண்பர்’ என்று எழுதிக்கொள்ளலாம். கூடியவரை பணம் நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போவதே நல்லது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் பெறும் தொகை ஆண்டுக்கு ரூ.50,000-ஐத் தாண்டினால் வருமான வரிக் கணக்கில் வந்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. குழுவில் ஆடிட்டர் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

பணமாகக் கொடுக்க முடியாதவர்களையும் நோட்டில் சேர்க்கலாம். வாரம் ஒரு நாள் டயாலிசிஸுக்குக் கூடப் போய் உட்கார்ந்திருக்க ஒருவர்; ரத்தம் கொடுக்க இரண்டு பேர்; மதுரையில் மகன் வீடு இருப்பவர், கூட இருப்பவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. மில்லில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஒத்துக்கொள்ளும் சக தொழிலாளி கொடுப்பது ரூபாய்க் கணக்கில் எவ்வளவு என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். முதலாளிகளும் இதில் கொஞ்சம் மனம் வைக்கலாம். வேலை நடக்க வேண்டிய அவர்கள் கஷ்டமும் புரிகிறது, மாற்று ஆள் கிடைத்த பிறகு ஷிப்ட் மாற்றத்தை மறுக்க அவர்களுக்கும் காரணம் இருக்காது.

நடக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. நேற்றுவரை பைக்கை விட்டு இறங்காதவர், இன்று எழுந்து நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று அறிவித்தால் வீட்டில் நோயாளி இரண்டாகிவிடும். முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, மெல்லத் தொடங்கலாம். முடியாத நாளில் நிறுத்திவிட்டு அதையும் அப்படியே எழுதலாம். கொடுக்கிற யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. விடியும் முன் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நடப்பது வேண்டவே வேண்டாம். லாரி ஓட்டுநருக்கு நம் லட்சியம் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிகள் இருக்கின்றன, ராஜபாளையத்தில் சஞ்சீவி மலைப் பக்கம் போகலாம். பள்ளி மைதானங்களைக் காலை ஆறிலிருந்து ஏழரை வரை திறந்துவிடலாமா என்று இரு ஊர்ப் பள்ளி நிர்வாகங்களும் பெற்றோர் சங்கங்களோடு பேசிப் பார்க்கலாம். பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்த அவர்களுடைய தயக்கம் நியாயமானது. வாயிலில் ஒரு பதிவேடும் ஒரு காவலரும் இருந்தால் அது தீரக்கூடியதே. மாவட்டத்துக்கு மாவட்டம் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை என்று 2023 நவம்பரில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைப் போல, நம் இரு நகராட்சிகளும் தெருவிளக்கும் நிழலும் உள்ள இரண்டு கிலோமீட்டர் பாதை ஒன்றைத் தங்கள் எல்லைக்குள் குறித்துக் கொடுத்தால், பெண்களும் தயக்கமின்றி வருவார்கள்.

முதல் குழுக் கூட்டத்தைக் கூட்டப் பெரிய மண்டபம் தேவையில்லை. ஒரு ஞாயிறு மாலை, ஏதாவது ஒரு வாசகசாலையில், இரு ஊரிலிருந்தும் சேர்ந்து பத்துப் பேர் உட்கார்ந்தால் போதும். அன்றைக்கு முடிவு செய்ய வேண்டியவை மூன்றுதான்: நோட்டு யார் கையில் இருக்கும், காப்பீட்டு அட்டை பற்றிக் கேட்க வருகிறவர்களுக்கு வாரத்தில் எந்த நாள் ஒதுக்குவது, முதல் பத்து விழுக்காடு யார் வீட்டுக்குப் போகும். மூன்றாவதை முடிவு செய்ய, அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவரைக் கேட்டால் போதும். பார்க்க யாரும் வராத கட்டில் எது என்று அவர்களுக்குத் தெரியும்.